பச்சை வந்தா பாஸ்னு யாரு சொன்னது?

இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். ஆனால், கேன்டீன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காகவோ, லேப் அசிஸ்டென்ட்டுக்கு ஒத்தாசையாகவோ, இன்டர்ன்ஷிப் போன இடத்திலோ, ஆன்சிபிள் என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரே கமாண்ட், நாற்பது சர்வர், எல்லாவற்றிலும் ஒரே செட்டிங் என்று சீனியர் பில்டப் கொடுத்திருப்பார். நீங்களும் நெட்டில் கிடைத்த ஒரு ப்ளேபுக்கை எடுத்து ஓடவிட்டிருப்பீர்கள். ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு! சீனியர் அந்த நேரம் பார்த்து போனை எடுக்க மாட்டார். அது உலக வழக்கம்.

சிவப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பச்சையைப் பார்த்துத்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இந்த டூல் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்று ஒரு பங்குச்சந்தை கம்பெனி. 2012 ஆகஸ்ட் 1-ம் தேதிக்காகப் புது சாஃப்ட்வேரை எட்டு சர்வர்களில் போட வேண்டும். கையால் காப்பி செய்தார்கள். ஏழில் போட்டாயிற்று, எட்டாவதில் போடவில்லை. சரிபார்க்க இன்னொரு ஆளும் இல்லை. காலையில் மார்க்கெட் திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோட் முழித்துக்கொண்டு, கண்டபடி ஆர்டர் போட ஆரம்பித்துவிட்டது. வெறும் 45 நிமிஷம். நஷ்டம் சுமார் 46 கோடி டாலர். கம்பெனியே கைமாறிப் போனது. மனுஷன் எட்டு தடவை ஒரே வேலையைச் செய்தால் எட்டாவது தடவை கொட்டாவி விடுவான். மெஷின் விடாது. அதற்குத்தான் இந்த டூல்கள்.

1993-ல் நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்என்ஜின்தான் இந்தக் குடும்பத்தின் தாத்தா. 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2011-ல் சால்ட், 2012-ல் ஆன்சிபிள் என்று வரிசையாகப் பேரன்கள் வந்தார்கள். 2015-ல் ஆன்சிபிளை ரெட் ஹேட் வாங்கிவிட்டது. ஆன்சிபிள் என்ற வார்த்தையே அர்சுலா லெ குவின் 1966-ல் எழுதிய அறிவியல் புனைகதையில் வரும் ஒரு கற்பனைக் கருவியின் பெயர். எத்தனை ஒளியாண்டு தூரத்தில் இருந்தாலும் உடனே பேசிக்கொள்ளலாமாம். நம்ம லேப் நெட்வொர்க்கில் அடுத்த பெஞ்ச் கம்ப்யூட்டரே பேச மாட்டேங்குது என்கிறீர்களா? அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

கதவு திறக்கலையா, உள்ளே போய் உதை வாங்கினியா?

சிவப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தையைத்தான். 'அன்ரீச்சபிள்' என்று இருக்கிறதா, 'ஃபெயில்டு' என்று இருக்கிறதா? முதலாவது என்றால் வாசல் கதவே திறக்கவில்லை. இரண்டாவது என்றால் வீட்டுக்குள் போய்விட்டீர்கள், சமையலறையில் ஏதோ தகராறு. அன்ரீச்சபிள் வரும்போது ப்ளேபுக்கை நோண்டுவது வேஸ்ட். நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். வாசலில் பூட்டு தொங்கும்போது ரசத்தில் புளி குறைச்சலா என்று ஆராய்ச்சி!

லினக்ஸ் மெஷின்களோடு ஆன்சிபிள் பேசுவது சாதாரண எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான். அதனால் ஆன்சிபிளை ஓரமாக வைத்துவிட்டு, அதே யூசர், அதே ஐபி, அதே சாவி போட்டு நேரடியாக எஸ்எஸ்ஹெச் பண்ணிப் பாருங்கள். 'டைம்டு அவுட்' என்றால் ஐபி தப்பு, அல்லது நடுவில் ஃபயர்வால். 'ரெஃப்யூஸ்டு' என்றால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, பெரும்பாலும் 22-ம் நம்பர் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. 'பெர்மிஷன் டினைடு' என்றால் யூசர் பெயரோ சாவியோ தப்பு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மூன்றையும் 'கனெக்ட் ஆகலை சார்' என்று ஒரே வாக்கியத்தில் போய்ச் சொல்லாதீர்கள்.

விர்ச்சுவல் மெஷினை அழித்துவிட்டு அதே ஐபியில் புதுசு போட்டவர்களுக்கு 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' என்று வரும். பழைய ஆளின் கைரேகையை உங்கள் லேப்டாப் ஞாபகம் வைத்திருக்கிறது, இவர் வேற ஆள் என்கிறது. நியாயம்தானே? அந்தப் பழைய பதிவை மட்டும் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கமாண்டில் பெரிய 'ஆர்' ஆப்ஷன் போட்டு நீக்கினால் போதும். இந்தச் சோதனையையே மொத்தமாக ஆஃப் பண்ணச் சொல்லி நெட்டில் ஆயிரம் பேர் ஐடியா கொடுப்பார்கள். லேப்பில் விளையாடும்போது சரி. நிஜ சர்வரில் அதைச் செய்தால், நடுவில் ஒருவன் நுழைந்து சர்வர் மாதிரி நடித்தாலும் உங்களுக்குத் தெரியாது.

விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. ஆன்சிபிளை விண்டோஸில் உட்கார்ந்தபடி நேரடியாக ஓட்ட முடியாது, அதற்குள் லினக்ஸ் கொடுக்கும் டபிள்யுஎஸ்எல் வேண்டும். சரி, போட்டாச்சு. ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் பழைய பாசத்தில் 'சி' டிரைவிலேயே வைத்திருப்பீர்கள். லினக்ஸ் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஃபோல்டர் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடக்கும். அதனால் அங்கே இருக்கும் ஆன்சிபிள் கான்ஃபிக் ஃபைலை அது படிக்கவே படிக்காது. மேலே ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் ஓடும், நாம்தான் எச்சரிக்கையைப் படிக்கும் சாதியே இல்லையே! எஸ்எஸ்ஹெச் சாவியும் அங்கே இருந்தால் 'இவ்வளவு திறந்து கிடக்கிற சாவியை நான் தொட மாட்டேன்' என்று அதுவும் முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து. ப்ராஜெக்ட்டையும் சாவியையும் லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றி, சாவிக்கு 0600 பெர்மிஷன் கொடுங்கள். பாதி நாள் மிச்சம்.

இதைத் தாண்டியும் சிவப்பு வந்தால், கமாண்ட் கடைசியில் ஒரு மைனஸ் போட்டு மூன்று 'வி' சேர்த்து ஓட்டுங்கள். எந்த யூசர், எந்த சாவி, எந்தப் பைத்தான் என்று எல்லா ரகசியத்தையும் கக்கிவிடும்.

யாமல் என்கிற மாமியார்

அடுத்த வில்லன் யாமல். ப்ளேபுக் எழுதும் மொழி. பார்க்க சாது. டேப் கீயைத் தொட்டால் கோபம் வரும், ஒரு ஸ்பேஸ் கூடினால் கோபம் வரும், பிழை ஏழாம் வரியில் இருந்தால் ஒன்பதாம் வரியைக் கைகாட்டும். வரி நம்பரை அப்படியே நம்பாமல் மேலே ரெண்டு மூணு வரி பார்ப்பது நல்லது. ஒரு மதிப்பு {{ என்ற இரட்டை அடைப்பில் ஆரம்பித்தால் அதை மேற்கோளுக்குள் போட வேண்டும். இதெல்லாம் சிவப்பில் கத்திவிடும், அதனால் ஆபத்தில்லை.

கத்தாமல் கழுத்தறுப்பது வேறு ரகம். பழைய யாமல் விதிப்படி 'நோ' என்று மொட்டையாக எழுதினால் அது 'இல்லை' என்ற பூலியன் மதிப்பு. நாடுகளின் சுருக்கெழுத்துப் பட்டியலில் நார்வேக்கு அதே இரண்டெழுத்துதான்! பட்டியலில் ஒரு நாடே 'இல்லை' ஆகிவிடும். இதற்கு 'நார்வே பிரச்னை' என்றே பெயர் வந்துவிட்டது. வெர்ஷன் நம்பர் 3.10 என்று எழுதினால் அது தசம எண் ஆகி, கடைசி சைபர் உதிர்ந்து 3.1 ஆகிவிடும். நீங்கள் கேட்டது ஒன்று, டவுன்லோடு ஆவது வேறொன்று.

இதில் எனக்குப் பிடித்த வில்லத்தனம் பெர்மிஷனில் நடப்பது. ஒரு ஃபைலுக்கு 644 பெர்மிஷன் கொடுக்க வேண்டும். மேற்கோள் இல்லாமல், முன்னால் சைபரும் இல்லாமல் 644 என்று எழுதிவிட்டீர்கள். லினக்ஸ் பெர்மிஷன் என்பது ஆக்டல் எண். யாமலோ இதைச் சாதாரணமாக அறுநூற்று நாற்பத்து நான்கு என்று படிக்கிறது. அறுநூற்று நாற்பத்து நான்கை ஆக்டலுக்கு மாற்றிப் பாருங்கள், டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பரில் செய்தீர்களே, அதேதான். 1204 வரும். அர்த்தம் என்ன தெரியுமா? ஓனருக்கு எழுத மட்டும் அனுமதி, படிக்க முடியாது. குரூப்புக்கு ஒன்றுமில்லை. ஊர்ல இருக்கிற மத்த எல்லாருக்கும் படிக்க அனுமதி! பாஸ்வேர்டு ஃபைலாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் ஆன்சிபிள் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வேலையை முடித்துவிடும். நாலு இலக்கமாக '0644' என்று மேற்கோளுக்குள் போடுங்கள். மறந்தால் ஞாபகப்படுத்த ஆன்சிபிள்-லின்ட் என்று ஒரு டூல் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் அதை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

உப்பு போடு... உப்பு சரியா இருக்கணும்!

இப்போது பச்சைக்கு வருவோம்.

வீட்டில் அம்மா ஊருக்குப் போகிறார். ரசத்துக்கு ஒரு ஸ்பூன் உப்பு போடு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அக்கா கேட்டுப் போடுகிறாள். தெரியாமல் நீங்களும் போடுகிறீர்கள். அப்பாவும் தன் பங்குக்குப் போடுகிறார். ரசம் காலி. அதற்குப் பதிலாக, 'ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு பாரு, குறைஞ்சா மட்டும் போடு' என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் வந்தாலும் ரசம் தப்பித்திருக்கும். இந்தக் குணத்துக்குத்தான் ஐடெம்பொட்டன்ட் என்று பெயர். பெஞ்சமின் பியர்ஸ் என்ற அமெரிக்கக் கணித மேதை 1870-லேயே அல்ஜீப்ராவுக்காக உண்டாக்கிய வார்த்தை.

நல்ல ப்ளேபுக்கை இரண்டாவது தடவை ஓட்டினால் எதுவும் மாறக்கூடாது. எல்லாம் பச்சை, 'ஓகே'. ஏதாவது மாற்றினால்தான் மஞ்சள், 'சேஞ்சுடு'. ஒவ்வொரு தடவையும் அதே டாஸ்க் மஞ்சளாக வந்தால் அங்கே யாரோ உப்பு கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது ஷெல் மாட்யூலாக இருக்கும். ஒரு ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர் என்று ஷெல்லில் எழுதியிருப்பீர்கள். பத்து தடவை ஓட்டினால் பத்து வரி. அதற்கென்று தனி மாட்யூல் இருக்கும்போது ஷெல்லைத் தொடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் 'இந்த ஃபைல் ஏற்கெனவே இருந்தால் செய்யாதே' என்று சொல்லும் 'க்ரியேட்ஸ்' நிபந்தனையாவது சேர்த்துவிடுங்கள்.

மஞ்சள் தொல்லை பார்த்தாலே தெரியும். பச்சைத் தொல்லை தெரியாது. இதை நிதானமாகப் படியுங்கள், இன்டர்வியூவிலும் கேட்பார்கள்.

இஞ்ஜின்எக்ஸ் வெப்சர்வருக்குப் புது கான்ஃபிக் போடும் ப்ளேபுக் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். முதல் டாஸ்க், கான்ஃபிக் ஃபைலைக் காப்பி செய்கிறது. மாறினால் வெப்சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு என்று ஒரு ஹேண்ட்லருக்குச் சீட்டு எழுதி வைக்கிறது. ஹேண்ட்லர் உடனே ஓடாது. எல்லா டாஸ்க்கும் முடிந்தபிறகுதான் ஓடும். இரண்டாவது டாஸ்க் ஏதோ ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்கிறது. அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. சிவப்பு! அந்த சர்வர் ஆட்டத்திலிருந்து அவுட். ஹேண்ட்லரின் சீட்டும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

நெட் வந்ததும் மறுபடி ஓட்டுகிறீர்கள். முதல் டாஸ்க் பார்க்கிறது... கான்ஃபிக் ஃபைல் ஏற்கெனவே புதுசுதான். மாற்ற ஒன்றுமில்லை. பச்சை. மாறவில்லை என்பதால் சீட்டும் எழுதவில்லை. இரண்டாவது டாஸ்க்கும் இந்தத் தடவை சக்சஸ். ஸ்க்ரீன் முழுக்க அமைதி. நீங்கள் டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? டிஸ்க்கில் இருப்பது புது கான்ஃபிக். ஓடிக்கொண்டிருக்கும் வெப்சர்வரின் மெமரியில் இருப்பது பழைய கான்ஃபிக். எத்தனை தடவை ப்ளேபுக்கை ஓட்டினாலும் பச்சைதான் வரும். மூணு வாரம் கழித்து ராத்திரி கரன்ட் போய் வந்து சர்வர் ரீபூட் ஆகும். அப்போதுதான் அந்தப் புது கான்ஃபிக் முதல்முறையாக மேடை ஏறும். அதில் ஒரு செமிகோலன் விட்டுப்போயிருந்தால் வெப்சர்வர் எழுந்திருக்காது. மறுநாள் காலை ஆன்லைன் டெஸ்ட்! நேற்று யாரும் எதையும் தொடவே இல்லையே சார் என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். உண்மைதான், நேற்று யாரும் தொடவில்லை.

இதற்கு மூன்று தடுப்பூசி. நடுவில் டாஸ்க் ஃபெயில் ஆனாலும் எழுதிய சீட்டைச் செல்லுபடியாக்கும் 'ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்' என்ற செட்டிங் ஒன்று. கடைசி வரை காத்திருக்காமல், இதுவரை சேர்ந்த சீட்டுகளை இப்போதே தீர்த்துவிடு என்று சொல்லும் 'ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ்' இன்னொன்று. மூன்றாவதுதான் என் சாய்ஸ். ப்ளேபுக்கின் கடைசியில், வெப்சைட் நிஜமாகவே பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ஒரு டாஸ்க். புது கான்ஃபிக்கில் மட்டுமே இருக்கும் ஒரு விஷயத்தை அது கேட்டுப் பார்க்க வேண்டும். ஃபைல் சரியா என்பது ஆன்சிபிளின் கவலை. சைட் ஓடுதா என்பது நம்ம கவலை. இரண்டும் ஒன்றில்லை.

வீட்டுக்குள்ளே சாவி, வெளியே நாம

ஃபயர்வாலை ஆன் செய்யும் டாஸ்க்கை முதலிலும், 22-ம் போர்ட்டைத் திறக்கும் டாஸ்க்கை அடுத்தும் எழுதினால் என்ன ஆகும்? இரண்டாவது டாஸ்க் போய்ச் சேர வழியே இருக்காது. கதவைச் சாத்திவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாகக் கேட்கிற கதைதான். வரிசையை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

சூடோயர்ஸ் ஃபைலும் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கும் இதே சாதி. ஒரு எழுத்து தப்பினால் நீங்களே வெளியே. ஆன்சிபிளின் டெம்ப்ளேட், காப்பி மாட்யூல்களில் 'வேலிடேட்' என்று ஒரு வசதி உண்டு. ஃபைலை இடத்தில் வைப்பதற்கு முன், தற்காலிக காப்பியைச் சோதிக்கும். சூடோயர்ஸுக்கு விசூடோ, எஸ்எஸ்ஹெச்சுக்கு அதன் சர்வர் புரோகிராமிலேயே இருக்கும் டெஸ்ட் ஆப்ஷன். சோதனை தோற்றால் பழைய ஃபைல் அப்படியே பத்திரமாக இருக்கும். ஒரு வரி எழுத சோம்பல்பட்டு சர்வரை இழக்க வேண்டாமே. இன்னொரு பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்ஹெச் செட்டிங்கை மாற்றும்போது பக்கத்து விண்டோவில் ஏற்கெனவே லாகின் ஆன ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் திறந்திருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. புது விண்டோவில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்தபிறகுதான் பழையதை மூட வேண்டும்.

உபுன்ட்டு மெஷின்களில் 'லாக் கிடைக்கவில்லை' என்று ஆப்ட் புலம்பும். புதுசாக பூட் ஆன மெஷின் பின்னணியில் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். லாக் ஃபைலை டெலீட் பண்ணு என்று அறிவுரை வரும். காதில் வாங்காதீர்கள். ஆப்ட் மாட்யூலில் காத்திருக்கும் நேரத்தை அதிகப்படுத்தினால் போதும்.

பப்பெட்காரர்களுக்கு ரெண்டு வார்த்தை

இன்டர்ன்ஷிப் போன இடத்தில் பப்பெட் இருந்தால் புகார் வேறு மாதிரி வரும். 'கையால மாத்தினேன், நல்லா ஓடுச்சு. லஞ்ச் முடிச்சிட்டு வந்தா பழையபடி ஆயிருக்கு. பேய் இருக்கு சார்!' பேயெல்லாம் இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் பப்பெட்டின் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான செட்டிங்கில் 30 நிமிஷத்துக்கு ஒருமுறை தலைமை சர்வரைக் கேட்டு, எழுதி வைத்தபடி எல்லாவற்றையும் திருத்திவிடும். அதன் வேலையே அதுதான். அவசரத்துக்கு ஏஜென்ட்டை நிறுத்தலாம். ஆனால், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி காரணம் எழுதி நிறுத்துங்கள், அதற்கு வசதி இருக்கிறது. காரணம் எழுதாமல் நிறுத்தியதை ஆறு மாதம் கழித்து வேறொருவர் கண்டுபிடிப்பார். அதுவரை அந்த மெஷினுக்கு ஒரு செக்யூரிட்டி செட்டிங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. சர்ட்டிஃபிகேட் தகராறு வந்தால் முதலில் இரண்டு மெஷின்களின் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் தப்பாக ஓடினால் சர்ட்டிஃபிகேட் 'இன்னும் பிறக்கவே இல்லை' என்று ஆகிவிடும்.

'ஆல்' என்ற மூன்றெழுத்து

இனி வரப்போவது பிழையே இல்லாத பிழை. 2014 மே மாதம், அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கும் எமரி பல்கலைக்கழகம். நம்மைப்போலவே ஒரு கேம்பஸ்தான். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்சிசிஎம் என்ற டூல் மூலம் கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 7 அனுப்புவார்கள். அந்த விண்டோஸ் 7 இமேஜ் தவறுதலாக அங்கிருந்த எல்லா விண்டோஸ் மெஷின்களுக்கும் கிளம்பிவிட்டது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் என்று பாகுபாடே இல்லை. அது செய்யும் முதல் வேலை, ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் அடிப்பது. அலறியடித்து ஓடிப்போய் அந்தத் தலைமை சர்வரை ஆஃப் பண்ணினார்கள். அதற்குள் அந்த சர்வரே ஃபார்மட் ஆகியிருந்தது! அனுப்பியவனையே விழுங்கிய பூதம். டூல் ஒரு தப்பும் செய்யவில்லை பாருங்கள். சொன்னதைச் சரியாகச் செய்தது.

அமேசானுக்கும் இது நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28-ம் தேதி எஸ்3 என்ற சேவையில் சில சர்வர்களை மட்டும் நீக்கப் போனார் ஒரு ஊழியர். கமாண்டில் ஒரு மதிப்பைத் தப்பாகக் கொடுத்துவிட்டார். நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் போயின. இன்டர்நெட்டில் பல சைட்கள் மணிக்கணக்கில் திணறின. பிறகு அமேசான் டூலைத்தான் திருத்தியது. சர்வர்களை மெதுவாக நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாதபடியும் மாற்றினார்கள். அந்த முடிவுக்கு என் ஓட்டு. மனுஷன் தப்பு பண்ணுவான் என்று தெரிந்துதானே இத்தனை டூல் செய்தோம்?

நம்ம லேப்புக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ஓட்டுவதற்கு முன்னால் 'லிஸ்ட் ஹோஸ்ட்ஸ்' ஆப்ஷன் போட்டு எந்தெந்த மெஷினில் ஓடப்போகிறது என்று பாருங்கள். 'செக்', 'டிஃப்' இரண்டையும் சேர்த்துப் போட்டால் நிஜமாகச் செய்யாமல், என்ன மாறும் என்பதை வரி வரியாகக் காட்டும். ஷெல் டாஸ்க்குகளை மட்டும் அந்த ஒத்திகை பொதுவாகத் தாண்டிப் போய்விடும், அதை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். பிறகு 'லிமிட்' போட்டு ஒரே ஒரு மெஷினில் நிஜமாக ஓட்டுங்கள். அது சரியாக இருந்தால் 'சீரியல்' என்ற செட்டிங்கால் முதலில் ஒன்று, அடுத்து ஐந்து, அப்புறம் மீதி என்று போங்கள். முதல் ஒன்று செத்தால் அங்கேயே நின்றுவிடும், மீதி 39 பிழைக்கும்.

வேரியபிள் குழப்பத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயரில் நாலு இடத்தில் மதிப்பு எழுதினால் யார் ஜெயிப்பது என்பதற்கு ஆன்சிபிள் கையேட்டில் இருபதுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட பட்டியலே இருக்கிறது. மனப்பாடம் வேண்டாம். ரோல் டிஃபால்ட்ஸ் எல்லாருக்கும் கீழே, குரூப் மதிப்பைவிட ஹோஸ்ட் மதிப்பு மேலே, கமாண்ட்டில் நேரடியாகக் கொடுப்பது எல்லாருக்கும் மேலே. சந்தேகம் வந்தால் டீபக் மாட்யூலை வைத்து அந்த மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள்.

சிவப்பே வராமல் ப்ளேபுக்கை ஓட வைக்க 'இக்னோர் எரர்ஸ்' என்ற குறுக்குவழி இருக்கிறது. இப்போது ஏஐ-யிடம் ப்ளேபுக் கேட்டாலும் சில நேரம் இதைத் தூவிக் கொடுத்துவிடும். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது. எந்தப் பிழை வந்தால் பரவாயில்லை என்று குறிப்பிட்டுச் சொல்ல 'ஃபெயில்டு வென்' இருக்கிறது, அதை எழுதப் பழகுங்கள். அப்புறம், பாஸ்வேர்டை ப்ளேபுக்கில் அப்படியே எழுதி கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். ஆன்சிபிள் வால்ட்டில் பூட்டி வைக்கலாம். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் ஃபைலை அழிப்பது போதாது, பழைய கமிட்டில் அது இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள், இன்னிக்கே.

இந்த வார ஹோம்வொர்க்

லேப்டாப்பில் இரண்டு சின்ன விர்ச்சுவல் மெஷின் போடுங்கள். மேலே சொன்ன இஞ்ஜின்எக்ஸ் ப்ளேபுக்கை எழுதுங்கள். இரண்டாவது டாஸ்க்கில் இல்லாத ஒரு பேக்கேஜ் பெயரை வேண்டுமென்றே போட்டு ஃபெயில் ஆக்குங்கள். பெயரைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். எல்லாம் பச்சை வந்ததும் பிரவுசரைத் திறந்து, வருவது பழைய பக்கமா புதுப் பக்கமா என்று பாருங்கள். பிறகு ஒரு மெஷினில் மட்டும் 'ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்' போட்டு, இன்னொன்றில் போடாமல், முதலிலிருந்து அதே கூத்தை நடத்துங்கள். கான்ஃபிக்கில் ஏதாவது ஒரு வரியை மாற்றிவிட்டு ஆரம்பிக்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் சீட்டே எழுதப்படாது!

அடுத்த வாரம்: லாக் ஃபைலை முடிவிலிருந்து படிப்பது எப்படி?